மாலைக்கு வர்ணம் அடித்த வாரம்

பூ வரைவதற்கான உத்வேகம் வெளியே எங்கும் இல்லை, உங்கள் அன்றாட வாழ்க்கையிலேயே இருக்கிறது என்று எங்கள் ஓவிய வகுப்பு மேடம் சொன்னார். சொன்னது ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, செல்போன் திரையில், பெங்களூரிலிருந்து. அவருக்குப் பின்னால் பால்கனி. பால்கனி முழுக்கப் பூந்தொட்டி. அப்படிப்பட்ட வாழ்க்கையில் உத்வேகம் இருக்கத்தான் செய்யும், யார் இல்லை என்றது? என் வாழ்க்கை செங்கல்பட்டில், ஏரிக்கரைப் பக்கத்துத் தெரு ஒன்றில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வயது முப்பத்தெட்டு. பி.பி. எகிறுகிறது, மனசுக்குப் பிடித்ததாக எதையாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னதால் பூ வரைய வந்தவள். மனசுக்குப் பிடித்தது ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவை வரிசையாக நிற்கவைத்து நாலு சாத்து சாத்துவதுதான் என்று டாக்டரிடம் சொல்ல முடியுமா?

சரி, மேடம் சொல்லிவிட்டாரே என்று வீட்டுக்குள்ளேயே தேடினேன். எங்கள் வீட்டில் பூ இருக்கும் ஒரே இடம் ஃப்ரிட்ஜ். இட்லி மாவுப் பாத்திரத்துக்கும் நேற்றைய காரக்குழம்புக்கும் நடுவில் ஒரு எவர்சில்வர் டப்பா, அதற்குள் ஈரத்துணியில் சுற்றிய மல்லி. எடுத்து மேஜைமேல் வைத்து, பென்சில் சீவி, முதல் மொட்டை வரைந்து முடிப்பதற்குள் அம்மா வந்து சரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சாமிக்கு வைக்கவேண்டிய பூவை இப்படி முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அது எப்படிச் சுத்தமாக இருக்கும் என்று சமையலறையிலிருந்து ஒரு கேள்வி வேறு. ஒற்றை மொட்டுடன் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. பார்த்தவர்கள் பூண்டுப் பல் என்கிறார்கள்.

அடுத்தது பக்கத்து வீட்டுக் காம்பவுண்டில் படர்ந்திருந்த பூசணி. நல்ல மஞ்சள் பூ, கை நிறைய இருக்கும். இரண்டு நாள் காலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வரைந்தேன். பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் கொடியை முழுசாக அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டிருந்தார். நான் பூவைப் பார்க்கவில்லையாம், பிஞ்சுக்குக் கணக்குப் போட்டேனாம். கணக்கு டீச்சர் அல்லவா, சந்தேகம் நியாயம்தான்.

மூன்றாவதாக மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனேன். மணலில் அடம்பு கொடி ஓடிக்கிடக்கும், ஊதா நிறத்தில் பூக்கும், காசு பணம் கேட்காது, காம்பவுண்டும் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்டு, துணி காயப்போட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போய்ச் சேரும்போது மணி பதினொன்று. அடம்பு காலையில் பூத்து வெயில் ஏறினால் சுருங்கிவிடும் என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. மூடிய பூக்களுக்கு நடுவில் ஒரு கல்யாண ஜோடி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முன்னாலேயே எடுக்கும் போட்டோ. பெண்ணின் கவுன் வால் மட்டும் மூன்று மீட்டர், அடம்பின்மேல்தான் கிடந்தது. ஃப்ரேமில் வருகிறீர்கள், கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள் அக்கா என்றார் போட்டோகிராபர். தள்ளினேன். அப்படியே இந்த வெள்ளித் தட்டியைப் பிடித்துக்கொள்ள முடியுமா, வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழணும் என்றார். இருபது நிமிடம் பிடித்தேன். மேடம் தேடச் சொன்ன உத்வேகம் கிடைக்கவில்லை. மூக்குத் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

அந்த ஜோடியைப் பார்த்து எனக்கு ஏக்கம் வந்தது என்று யாராவது நினைத்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வரவில்லை. எனக்குக் கல்யாணம் செய்துகொள்ள விருப்பமில்லை. இப்படிச் சொன்னால் ஜனங்கள் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு கதைக்குத் தயாராகிறார்கள். கதை ஒன்றும் கிடையாது. எவனும் ஏமாற்றவில்லை, யாரும் செத்துப்போகவில்லை. சிலருக்குப் பாகற்காய் பிடிக்காது, அவ்வளவுதான். இதைக் கேட்கவேண்டிய ஒரே ஆள் என் அம்மா. அம்மாவிடம் மட்டும் நான் சொல்லவில்லை.

அம்மாவிடம் சொல்லாததற்குக் காரணம் ஒரு பூமாலை. ஆறு வருடத்துக்கு முன்னால் அம்மா என்னைத் திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனாள். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் அங்கே மாலை வாங்கிச் சார்த்துவார்கள். பூஜை முடிந்து ஒரு மாலையை நம் கழுத்தில் போட்டுவிடுவார்கள். அதோடு கோயிலை ஒன்பது சுற்று சுற்றவேண்டும். பிறகு மாலையை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் முடிந்ததும் ஜோடியாகப் போய்க் கோயிலில் சேர்த்துவிட வேண்டும். கல்யாணமே ஆகாவிட்டால் மாலையை என்ன செய்வது என்று யாரும் சொன்னதில்லை. நானும் சுற்றினேன். ஐந்தாவது சுற்றில் செருப்பில்லாத கால் சுட்டு ஓட ஆரம்பித்தேன். என்ன அவசரம் பாரு இவளுக்கு என்று பின்னால் வந்த ஒரு அம்மாள் சிரித்தார்.

அந்த மாலை ஒரு மஞ்சள் பையில், எங்கள் பூஜை அலமாரிக்கு மேலே ஒரு ஆணியில் தொங்கியது. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா பையை இறக்கி, சாம்பிராணி காட்டி, மறுபடி மாட்டுவாள். நான் தொடக்கூடாது, தலைக்குக் குளிக்காமல் அந்தப் பக்கமே போகக்கூடாது. ஆறு வருடத்தில் நாலு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவர் ஒருவர், தறி வைத்திருப்பவர் ஒருவர், இப்படி. நாலு பேருக்கும் மறுநாளே ஸ்டாஃப் ரூமிலிருந்து போன் போட்டு, எனக்கு விருப்பமில்லை, ஜாதகம் பொருந்தவில்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டவள் நான்தான். நாலு பேரும் நல்லவர்கள், அப்படியே சொன்னார்கள். பழியை ஜாதகத்தின்மேல் போட்டால் அது வாயைத் திறந்து மறுக்கப்போவதில்லை. அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒவ்வொரு முறையும் அவள் அந்தப் பையைத்தான் அண்ணாந்து பார்ப்பாள். அவளுடைய நம்பிக்கை முழுக்க அந்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கிவைக்க நான் யார் என்று இருந்துவிட்டேன்.

இந்தக் கோடை விடுமுறையில் தாம்பரத்தில் அண்ணிக்கு ஆபரேஷன். அம்மா பத்து நாளைக்கு அங்கே போனாள். அந்த வாரம் பார்த்து மேடம், இந்தமுறை வாடிய பூக்களை வரையுங்கள், முதுமையிலும் அழகு உண்டு என்றார். எனக்கு வேறு எங்கும் அலையத் தோன்றவில்லை. தலைக்குக் குளித்தேன், அந்த மரியாதையாவது செய்தேன். பையை இறக்கினேன்.

உள்ளே இருந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சம்பங்கி எல்லாம் பழைய காகித நிறத்துக்கு வந்திருந்தது. சாமந்தி கோதுமை நிறம். ரோஜா கருத்து, இதழ் ஓரத்தில் மட்டும் ஒரு கோடு சிவப்பு மிச்சம். ஜன்னல் கம்பியில் மாட்டிவைத்து வரைய உட்கார்ந்தேன். அந்தக் கருஞ்சிவப்பைக் கொண்டுவர ஒரு காலை முழுக்க ஆனது. சிவப்பில் நீலம் கலந்தால் கத்தரிக்காய் ஆகிறது, பழுப்பு கலந்தால் ரத்தப் பொரியல் ஆகிறது. மூன்று நாள் வரைந்தேன். சாப்பிட மறந்தேன், போனை மறந்தேன், பி.பி. மாத்திரையையும் மறந்தேன். சந்தோஷமாக இருந்தேன், அதைச் சொல்ல வெட்கம் இல்லை. அந்த மேடம் சொன்னது உண்மைதான் போலிருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் நாள் சாயந்தரம் படம் முடிந்தது. மாலையைக் கம்பியிலிருந்து எடுத்தேன். வாழைநார் பட்டென்று விட்டது. ஒன்றும் சத்தம் இல்லை, அப்பளம் நொறுங்குகிற சத்தம்கூட இல்லை. காலடியில் ஒரு குவியல் தூள், கையில் ஒரு முழம் நார். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சாமி மாலையின் பாதி சோபாவுக்கு அடியில் போய்விட்டது. ஃபேனை அணைக்க ஓடியதில் மீதியையும் மிதித்துவிட்டேன்.

துடைப்பத்தால் கூட்டலாமா என்று ஐந்து நிமிடம் யோசித்தேன். பிறகு துண்டால் கூட்டினேன். பேப்பரில் மடித்து, கால் படாத இடமாகப் பார்த்துக் கொல்லையில் தென்னை அடியில் போட்டேன். அப்புறம் உட்கார்ந்து அழுதேன். மாலைக்காக இல்லை. வெள்ளிக்கிழமை பையைத் திறந்து அம்மா என்ன முகத்தோடு நிற்பாள் என்பது கண் முன்னால் வந்தது, அதற்காக.

புத்தியுள்ள யாரும் இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். நான் மறுநாள் காலை மார்க்கெட்டுக்குப் போய்ப் பூக்கார அக்காவிடம் காய்ந்த மாலை கிடைக்குமா என்று கேட்டேன். அவர் கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊரே வாடாத மாலையா குட்னு உசுர வாங்குது, நீ வாடுனத கேக்குற. சுடுகாட்டுப் பக்கம் போனா கெடைக்கும் டீச்சர், வேணுமா?"

ஒரு நொடி அதையும் யோசித்தேன் என்பதை எங்கும் சொல்ல வேண்டாம். சம்பங்கி, சாமந்தி, ரோஜா வைத்துப் புதுசாகவே ஒன்று கட்டித்தரச் சொன்னேன். விசேஷமா என்றார். ஆமாம் என்றேன்.

ஆறு வருடத்து வேலையை ஆறு நாளில் முடிக்க வேண்டும். மொட்டைமாடியில் கொடி கட்டிக் காயப்போட்டேன். சித்திரை வெயில் தன் கடமையைச் செய்தது. வடகம் போட்டிருக்கியா என்று பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். சாயந்தரம் ஆனால் கீழே கொண்டுவந்து முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டினேன். டீ டிகாக்ஷன் தெளித்துப் பார்த்தேன், எறும்பு வந்தது. நாலு நாள் ஆகியும் சாமந்தி மஞ்சளாகவே சிரித்துக்கொண்டிருந்தது. கடைசியில் வரைகிற பிரஷை எடுத்தேன். பூவைப் பார்த்துப் படத்துக்கு வர்ணம் தீட்டுவது உலக வழக்கம். நான் படத்தைப் பார்த்துப் பூவுக்குத் தீட்டினேன். மூன்று நாள் கஷ்டப்பட்டுக் கலந்த அந்தக் கருஞ்சிவப்பை ரோஜா ரோஜாவாக, இதழ் இதழாக. பழுப்பைச் சாமந்திக்கு. சம்பங்கிக்குக் கொஞ்சம் மஞ்சள் கலந்த சாம்பல். என் வாழ்க்கையில் நான் செய்த மிக நல்ல ஓவியம் அதுதான். மேடமுக்கு அனுப்ப முடியாததுதான் குறை. காகிதத்தில் வரைந்ததை மட்டும் அனுப்பினேன். நல்ல முயற்சி, ஆனால் பூக்களில் உயிர்ப்பு போதவில்லை என்று பதில் வந்தது.

அம்மா வியாழக்கிழமை வந்தாள். வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டுப் பையை இறக்கினாள். நான் அடுப்பங்கரையில் நின்று, ஏற்கெனவே கொதித்துவிட்ட பாலைக் கிண்டிக்கொண்டிருந்தேன். நான் மறந்துபோனது ஒன்றே ஒன்று. சம்பங்கிக்கு வர்ணம் பூசலாம், அதன் வாசனைக்குப் பூச ஒன்றும் கிடையாது. ஆறு வருடத்து மாலை பூக்கடை மாதிரி மணத்தது.

எட்டிப் பார்த்தேன். அம்மா மாலையை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விரலில் கருஞ்சிவப்பு ஒட்டியிருந்தது. எறும்பு வந்துவிட்டது, பழசு உதிர்ந்துவிட்டது என்று நான் ஒரு வசனம் தயாரித்துவைத்திருந்தேன். அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"மறுபடியும் எலியா?"

"மறுபடியுமா?" என்றேன்.

அம்மா அழ ஆரம்பித்தாள். கோயிலுக்குப் போய்வந்த அந்த வருடமே, மழைக்காலத்தில், எலி பைக்குள் இறங்கி மாலையைக் குதறிவிட்டதாம். நான் ஸ்கூலில் இருந்தேனாம். ஓடிப்போய் மார்க்கெட்டில் அதே மாதிரி ஒன்று வாங்கி, நான் வருவதற்குள் பையில் போட்டு மாட்டிவிட்டாளாம். நான் பயபக்தியோடு தலைக்குக் குளித்து இறக்கிய மாலை, பெருமாள் கண்ணாலும் பார்க்காத கடை மாலை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டேன். எப்போதும் செய்வதுதானே. அம்மா சிரிக்கவில்லை.

"சாமி மாலைய எலிக்குக் குட்துட்டு கடமாலைய மாட்டி வச்சேன்டி. யாருகிட்டயும் சொல்லல. அதான் உனுக்கு ஒண்ணும் அமைய மாட்டுது. ஒவ்வொருத்தனும் வேணாம்னு போவ சொல்லோ, நான் பண்ண தப்பு, நான் பண்ண தப்புன்னு எனுக்குள்ளயே அட்ச்சிகினு கெடந்தேன்."

அதற்குப் பரிகாரமாக அவள் சனிக்கிழமை பகலில் சாப்பிடுவதில்லை. அஞ்சு வருடமாக. என்னிடம் கேட்டபோது உடம்பு எடையைக் குறைக்க என்றாள். சினிமாவில் கதாநாயகி வேஷம் ஏதாவது வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் முன்னால் உட்கார்ந்து நாலு இட்லி தின்றுகொண்டே கேலி செய்திருக்கிறேன். அவள் வயது அறுபத்தேழு. அந்த நிமிடம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில், அவள் கால் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வந்த நாலு பேரையும் நான்தான் வேண்டாம் என்றேன், போன் பண்ணிச் சொன்னேன், ஜாதகம் என்றது நான் சொல்லிக்கொடுத்த பொய், எனக்குக் கல்யாணமே வேண்டாம், எப்போதும் வேண்டாம்தான். அழகாக, கோர்வையாகச் சொல்லவில்லை. கரும்பலகைக்கு முன்னால் தப்புக் கணக்குப் போட்டுவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரிதான் சொன்னேன். மாலையை இறக்கி வரைந்ததையும் அது உதிர்ந்ததையும் சொல்லி, அந்தப் படத்தை எடுத்துவந்து கொடுத்தேன். அவள் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மாலையை எப்போது இறக்கினேன், எப்போது உதிர்ந்தது என்று கேட்டாள். ரோஜா இப்படித்தான் கருத்துக் கிடந்தது என்றாள். ஏன் கல்யாணம் வேண்டாம் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. படத்தை மடியில் இருந்த மாலைமேலேயே வைத்தாள்.

"அப்போ என் மேல தப்பு இல்லியா?"

"இல்லம்மா."

"எலியால இல்லியா?"

"இல்லம்மா. என்னாலதான்."

ஓங்கி என் தோளில் ஒன்று வைத்தாள். வலித்தது. இரண்டாவது வைப்பதற்குக் கையைத் தூக்கி, அப்படியே முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடி. நிம்மதியா துன்னுருப்பேனே."

கல்யாணத்தைப் பற்றி அம்மா அன்றும் பேசவில்லை, அவள் மனதில் அது ஆறிவிட்டது என்றும் நான் சொல்ல மாட்டேன். சாயந்தரம் வரை என்னிடம் முகம் கொடுக்காமல்தான் நடமாடினாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு இட்லி வேகவைத்து, ஒரு தட்டில் நாலு எடுத்து, சட்னி ஊற்றி அவள் முன்னால் வைத்தேன். அம்மா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நாலையும் சாப்பிட்டாள். இன்னும் ரெண்டு வை என்றாள்.